லப்டொப் கொதிக்கிறதா? ஏசி வாங்க முதல் இதை வாசியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கேமிங் லப்டொப் வைத்திருக்கிற பிள்ளை இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

“கேமிங் லப்டொப் என்றால் கொதிக்கத்தான் செய்யும்.” கடையில் இப்படித்தான் சொல்கிறார்கள், பிள்ளைகளும் நம்புகிறார்கள். பிறகு கூலிங் பாட் வருகிறது. அதுவும் போதாமல் அறைக்கு ஏசி கேட்கிறார்கள். பிரான்ஸிலும் கனடாவிலும் அண்ணாமார் இரவு பகலாக உழைத்து அனுப்புகிற காசு இது. சூட்டை உண்டாக்க ஒரு செலவு, அதை ஆற்ற இன்னொரு செலவு. இந்த முட்டாள்தனத்தை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓர் உதாரணம். இன்டெல் ஐ7-12700எச் புரொசெசரின் அடிப்படை அளவு 45 வாட். டேர்போவில் 115 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. மின்சாரம் இரண்டரை மடங்கு போகிறது, வேலையோ இரண்டரை மடங்கு நடப்பதில்லை. வேகம் கூடக் கூட வோல்ட்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். மறுபக்கம் பாருங்கள்: அதே வேகத்தில் வைத்து வோல்ட்டேஜை மட்டும் 10 சதவீதம் குறைத்தால், கணக்கிடும்போது சிப் தின்கிற மின்சாரம் ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். 0.9 × 0.9 = 0.81. ஓ.எல். பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

“காசு கொடுத்து வாங்கின வேகத்தை நாங்களே குறைக்கிறதோ, சேர்?” என்று தம்பிமார் கேட்பீர்கள். தம்பி, அது ஏற்கனவே குறைந்துகொண்டுதான் இருக்கிறது. 100 பாகையை அண்டியதும் இந்தச் சிப் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தை இறக்கும். நல்லாய் ஓடிய கேம் அரை மணித்தியாலத்தில் விக்கத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். சித்திரை வெயிலில், ஷீற் போட்ட வீட்டில், ஃபேன் இழுப்பதே சுடுகாற்று. அளவோடு நீங்களே குறைக்கிறீர்களா, சூடு வந்து கழுத்தைப் பிடித்துக் குறைக்கட்டும் என்று விடுகிறீர்களா? கூடிய சூடு பற்றரியின் ஆயுளையும் தின்னும்.

நிறுவனங்களையும் கேட்க வேண்டும். 2019இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டையை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதன் பிறகு பல லப்டொப்களில் வோல்ட்டேஜைக் குறைக்கும் வசதியையே பூட்டிவிட்டார்கள். ஓட்டையை அடைக்கட்டும், ஆனால் சாவியைச் சொந்தக்காரனிடம் கொடுக்க வேண்டாமா?

பூட்டியிருந்தாலும் வழி உண்டு:

1. ஃபேனையும் காற்றுத் துவாரத்தையும் துப்புரவாக்குங்கள். கடற்கரை ஊர், உப்புக் காற்று. மெத்தையில் வைத்து விளையாடாதீர்கள்.

2. லப்டொப்போடு வந்த மென்பொருளில் டேர்போ நிலையை விட்டு பலன்ஸ்ட் நிலைக்கு மாற்றுங்கள்.

3. கேமில் செக்கனுக்கு 60 ஃபிரேம் என்று வரம்பு போடுங்கள்.

4. படிக்க, படம் பார்க்க மட்டும் என்றால், விண்டோஸ் பவர் ஒப்ஷன்ஸில் மக்சிமம் புரொசெசர் ஸ்டேட் இருந்தால் அதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான லப்டொப்களில் டேர்போ நின்றுவிடும். பாரமான கேம் இதில் மந்தமாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5. வோல்ட்டேஜ் பூட்டப்படாவிட்டால் துரொட்டில்ஸ்டொப் போன்ற மென்பொருளால் சிறிது சிறிதாக இறக்குங்கள். அளவு மிஞ்சினால் லப்டொப் உறையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். முதலில் வேலையை சேவ் பண்ணிவிட்டுச் செய்யுங்கள்.

இப்படி 40 வாட் மிச்சம் பிடித்தால், நாளுக்கு 5 மணித்தியாலப்படி மாதம் 6 யூனிட். சின்னத் தொகைதான். ஆனால் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுகிற நாட்டில், விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அது சின்னதல்ல. அதே 5 மணித்தியாலமும் 1 கிலோவாட் இழுக்கிற ஏசி என்றால் 150 யூனிட்!

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த சனம் நாங்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தண்ணீரைக்கூட விரயம் செய்யாதே என்று கேட்டு வளர்ந்தவன் நான். கரண்டுக்கு மட்டும் வேறு சட்டமா?

பெற்றோரே, விளையாடாதே என்று ஏசுவதை விட, இந்த ஐந்தையும் செய்தாயா என்று பிள்ளையிடம் கேளுங்கள். தம்பிமாரே, தங்கச்சிமாரே, செய்ய முன்னும் பின்னும் வெப்பநிலை எத்தனை பாகை என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னது பிழை என்றாலும் எழுதுங்கள், ஆனால் இலக்கத்தோடு எழுதுங்கள்.