சாமிவேலுவை எப்படி எழுதுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டக்காரர்களிடம் வாய்மொழிப் பதிவுக்கு உட்கார்ந்தால், சாமிவேலு பெயரை எடுத்ததும் பேச்சு இரண்டாகப் பிரியும். 'அவர மாதிரி ஒருத்தர் இனி வரமாட்டார்' என்பார் ஒருவர். 'மைக்கா காசு என்னாச்சு?' என்பார் அடுத்தவர். ஒரு பாட்டி எதுவும் சொல்லவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து, பிறப்புப் பத்திரத்தோடு மடித்து வைத்திருந்த பங்குப் பத்திர நகலை எடுத்து நீட்டினார். சாமிவேலு தலைமையில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனத்தின் பங்கு அது.

பாராட்டு மலர்களில் அந்தத் தாளுக்கு இடமில்லை. வசைக் கட்டுரைகளில் வேறெதற்கும் இடமில்லை.

சாமிவேலு 1979 முதல் 2010 வரை ம.இ.கா. தலைவர், 1974 முதல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். மலேசிய இந்தியர் உரிமை கோரிய இண்ட்ராப் பேரணி முடிந்த நான்காம் மாதம், 2008 மார்ச் 8இல், தமது 72ஆவது பிறந்தநாளன்று டாக்டர் ஜெயக்குமாரிடம் தொகுதியை இழந்தார். 2022இல் அவர் மறைந்தபின் அவர் உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சுட்டி ஏக்கக் குரல்கள் எழுகின்றன. வசை ஓய்ந்து ஏக்கம் வருவது மறுமதிப்பீடு ஆகாது.

அதே தொகுதியின் முந்தைய உறுப்பினர் துன் சம்பந்தன் 1973இல் உட்கட்சி நெருக்கடியில் ம.இ.கா. தலைமையை விட்டார். இன்று அவர் பெயருக்குக் கைகூப்புகிறோம். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960இல் அவர் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் சேமிப்பை நிலமாக்கியது. மைக்காவும் 1980களில் அதே மக்களிடம் 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் திரட்டிப் பல தொழில்களில் போட்டது. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் விலை வந்தது. இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் யார், கணக்குக் கேட்கும் வழி யாருக்கு இருந்தது? வாழ்க்கை வரலாறு எழுதுபவர் தொடங்க வேண்டிய இடம் இது.

'தமிழ் நேசன்' கோப்பைப் புரட்டும்போது, அது அவர் குடும்பத்தார் நடத்திய ஏடு என்பதை மறக்க வேண்டாம். மாற்று ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வீடுகளில் கேட்டதை மைக்காவின் ஆண்டறிக்கையோடு ஒத்துப் பாருங்கள். மைக்காவில் ஏமாந்த அதே வீட்டில், ம.இ.கா.வின் கல்விக் கடனால் படித்த பிள்ளை உண்டா என்றும் கேளுங்கள். இரண்டு பதிலையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

முப்பது வயதில் மைக்கா பங்கு வாங்கிய பால்மரத் தொழிலாளி இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். நூலகம் காத்திருக்கும், முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.