ஒருமைப்பாடு ஒரே மொழியில் வளராது

தேசிய ஒருமைப்பாட்டைத் தொலைக்காட்சியால் வளர்க்க முடியுமா? முடியும், ஆனால், ஒரே மொழியை எல்லா வீடுகளுக்கும் அனுப்பி அல்ல.

1982இல் வண்ண ஒளிபரப்புடன் தொடங்கிய தூர்தர்ஷனின் தேசிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே அமைந்தன. தமிழகத்தில் அவை திணிப்பாகவே பார்க்கப்பட்டன. அதே தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் மலையாள, வங்க, அசாமியப் படங்களை ஆங்கில எழுத்து விளக்கத்துடன் காட்டியது. முன்பின் அறியாத மாநிலத்தவரின் வீட்டையும் வறுமையையும் அவர்கள் மொழியிலேயே கண்டோம். 1988இல் ஒளிபரப்பான 'மிலே சுர் மேரா துமாரா' பாடலில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய தமிழ் வரி நாடெங்கும் ஒலித்தது. நெருக்கத்தை வளர்த்தவை இவையே என்பது என் கருத்து.

1990களில் பெருகிய தனியார் அலைவரிசைகள் தத்தம் மொழிச் சந்தையையே நாடின. தமிழுக்கு இடம் விரிந்தது. அண்டை மாநிலங்களோ திரையிலிருந்து மறைந்தன.

திருவண்ணாமலையில் வாழும் நான், பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் தமிழோடு தெலுங்கையும் கேட்கிறேன். அருகருகே நடப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவதில்லை. கார்த்திகை தீப நேரலை தெலுங்கு, கன்னட, அசாமிய வர்ணனைகளோடும் செல்லட்டும். அசாமின் பிகு திருவிழா தமிழ் விளக்கத்தோடு இங்கே வரட்டும். லாபம் கருதும் அலைவரிசைகளிடம் இதை எதிர்பார்க்க இயலாது. மக்கள் வரிப்பணத்தைப் பெறும் பிரசார் பாரதிக்கோ அது கடமை.