மாத்திரையும் இடுப்பளவும்

காட்டுமன்னார்கோவிலிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும் தாய், மனச்சிதைவு மாத்திரையின் நிறத்தையும் நேரத்தையும் பிசகாமல் சொல்வார். மகனின் இடுப்பளவைக் கேட்டால் விழிப்பார். ஓலன்சபின், குளோசபின் போன்றவை காதில் கேட்கும் குரல்களை அடக்கும். கூடவே பசியைக் கிளப்பி, எடையை ஏற்றி, கல்லீரலில் கொழுப்பையும் சேர்க்கலாம். மனநிலையைச் சீராக்கத் தரும் வால்ப்ரோயேட் அரிதாகக் கல்லீரலை நேராகவே தாக்கும். கடும் மனநோயாளிகள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பெரும்பாலும் உடல்நோயால்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி மாண்டபோது நாடே பதறியது. நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போகிற மனநோயாளிக்கு அந்தப் பதற்றம் வாய்ப்பதில்லை. வயிறு வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், அதுவும் பிரமைதான் என்று தள்ளிவிடுவது வீட்டாருக்குச் சுலபம்; சில டாக்டர்களுக்கும்தான். இத்தனைக்கும் 2021இல் மாநிலச் சுகாதாரத் துறையின் கைக்கு வந்த சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவும் பொது மருத்துவமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். அதற்குப் பதில், அடுத்த முறை சீட்டு எழுதும்போது சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளையும் சேர்த்து எழுதச் சொல்லி அந்தத் தாய் கேட்கலாம்.