612-ஐக் காணவில்லை

ஆபீஸில் உங்களுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். 2022 ஏப்ரலில், மானேஜர் காதில் விழும்படியாக. மறுநாளே கிளெய்ம் ரிஜிஸ்தரை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதுவரை அது ஒரு நீள நோட்டு. சிவப்பு பைண்டிங், மூலையில் காபிக் கறை. மெடிக்கல் பில், பஸ் சார்ஜ், வெளியூர் பேட்டா எதுவானாலும் அதில் எழுதி, நம்பர் போட்டு, கையெழுத்து வாங்க வேண்டும்.

"இதை ஒரு ஆப்பா பண்ணிடுப்பா. இப்பல்லாம் புரோகிராமே எழுத வேண்டாமாமே?" என்றார் மானேஜர்.

வாஸ்தவம்தான். லோ-கோடு என்கிறார்கள். மைக்ரோஸாஃப்டின் பவர் ஆப்ஸ், கூகுளின் ஆப்ஷீட், ஏர்டேபிள் என்று பல இருக்கின்றன. பட்டனை இங்கே இழுத்து வை, பெட்டியை அங்கே இழுத்து வை, நடுவில் இரண்டு வரி ஃபார்முலா எழுது, ஆப் ரெடி. ஒன்றும் தெரியாதவனும் செய்யலாம் என்பதுதான் இதன் விசேஷம். செய்தேன்.

நான் எடுத்துக்கொண்டது பவர் ஆப்ஸ். தகவல்களெல்லாம் ஷேர்பாயின்ட் லிஸ்டில். ஒரே வாரம். மேலே தேடுவதற்கு இரண்டு வசதி. நம்பர் போட்டால் அந்த கிளெய்ம் வரும். 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று கொடுத்தால் அந்த மாதத்து லிஸ்ட் வரும். மாதா மாதம் அந்த லிஸ்ட்டை மேலே அனுப்பினால் பணம் பாஸாகும். நாற்பது கிளெய்ம்களைப் போட்டு டெஸ்ட் செய்தேன். மணி மணியாக வந்தது. மானேஜர் எல்லோர் எதிரிலும் கை தட்டினார். சிவப்பு நோட்டு பீரோ மேலே ஏறிவிட்டது.

ஒரு வருடம் ராஜ்யம்.

2023 மே மாதம் ஸ்டோர்ஸ் பெரியவர் என் மேஜைக்கு வந்தார். அந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறவர். அதிர்ந்து பேசமாட்டார்.

"தம்பி, மார்ச்சுல ஒரு கிளெய்ம் போட்டேன். வீட்டுல அவங்களுக்குக் கண் ஆபரேஷன். 18,400 ரூபா. இன்னும் வரலே."

"நம்பர் இருக்கா சார்?"

மருந்துக்கடைக் கவர் ஒன்றை நீட்டினார். அதன் பின்னால் பால்பாயின்ட் பேனாவில் 612 என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. டைப் செய்தேன். திரை வெள்ளையாக இருந்தது. சரி, தேதியில் பார்க்கலாம் என்று மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை போட்டேன். வரிசையாக வந்தார்கள். பெரியவர் இல்லை. ஏப்ரல் போட்டேன். அதிலும் இல்லை.

நம்பரும் இல்லை என்கிறது, தேதியும் இல்லை என்கிறது. இரண்டு சாட்சி போதாதா?

"சார், நீங்க போடவே இல்லை."

"இல்லே தம்பி, டிரெயினிங்குக்கு வந்த பையன்தான் என் போன்ல போட்டுக் குடுத்தான்..."

"சப்மிட் பட்டனை அமுக்கியிருக்க மாட்டான் சார். போட்டிருந்தா இதுல இருந்தாகணும்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மார்ச்சோடு வருடக் கணக்கை மூடியாகிவிட்டது. பழைய பில்லை இனிமேல் புதிதாகப் போடவும் முடியாது. பெரியவர் அந்தக் கவரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி தம்பி" என்று போய்விட்டார். சண்டை போட்டிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் காலை, நான் டிபன் பாக்ஸைக்கூட மேஜையில் வைக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதே. என் பேரைப் போட்டுப் பாத்தியா தம்பி? ஸ்டோர்ஸ்ல ஒரு சாமான் இல்லேன்னு எழுதறதுக்கு முன்னாடி மூணு ரேக்காவது பாப்போம்."

பார்க்கவில்லை. நம்பரும் தேதியும் இருக்கும்போது பேர் எதற்கு என்ற கர்வம்தான். போட்டேன். ஒரே ஒரு வரி வந்து நின்றது.

கிளெய்ம் எண் 612. ரூபாய் 18,400. தேதி 31-3-2023, மாலை 6 மணி.

எனக்கு வியர்த்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைப் பிரித்து, எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இதான்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. இருக்கிற ஆள் எப்படி இரண்டு தேடலிலும் தப்பித்தார்?

முதலில் நம்பர். நான் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், 61 என்று டைப் செய்ததுமே 61-ல் ஆரம்பிக்கிற எல்லா எண்களும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பவர் ஆப்ஸில் ஸெர்ச் என்கிற ஃபங்ஷன் எழுத்தில்தான் தேடும், எண்ணில் தேடாது. அதனால் ஒவ்வொரு கிளெய்ம் எண்ணையும் எழுத்தாக மாற்றி, முதல் எழுத்துகளை ஒப்பிடு என்று ஃபார்முலா எழுதினேன். அங்கேதான் வினை.

ஒரு கோடவுன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எண் 612-க்குச் சமமான மூட்டையைக் கொண்டா' என்று கேட்டால் கோடவுன்காரர் உள்ளே போய், லட்சம் மூட்டை இருந்தாலும் தேடி எடுத்து வந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த பாஷை அது. 'ஒவ்வொரு மூட்டையின் எண்ணையும் எழுத்தாக்கி, அதன் ஆரம்பத்தைப் பார்த்து...' என்று வளைத்தால், 'சாமி, இதெல்லாம் எனக்குத் தெரியாது, இந்தாங்க முதல் 500 மூட்டை, நீங்களே பார்த்துக்குங்க' என்று வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். நாமும் அந்த 500-ல் மட்டும் தேடிவிட்டு, இல்லை என்று வீட்டுக்குப் போகிறோம். பவர் ஆப்ஸில் இதற்கு டெலிகேஷன் என்று பெயர். அந்த 500-ஐ செட்டிங்கில் 2000 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் கிடையாது. உயர்த்தினாலும் வியாதி போகாது, வாய்தா கிடைக்கும்.

நான் டெஸ்ட் செய்தது நாற்பதை வைத்து. 500 வரை என் ஆப் ஹரிச்சந்திரன். 501-லிருந்து பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இதில் அதன் மேல் தப்பே இல்லை. ஃபார்முலா எழுதும்போதே பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் எச்சரித்தது. ரயில்வே கேட்டில் 'நின்று கவனித்துச் செல்' என்று எழுதியிருப்பார்களே, அதைப் படிக்கிற சிரத்தையோடு அதைப் படித்தேன்.

(டெஸ்ட் செய்யும்போது அந்த 500-ஐ 1 ஆகக் குறைத்துப் பார் என்று மைக்ரோஸாஃப்டின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. ஒரே ஒரு வரி வந்து நின்றால் ஃபார்முலாவில் கோளாறு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கையேடு படிக்கிறவன் ஆம்பிளையா?)

சரி, தேதி? மார்ச் 31 வரை என்றுதானே கேட்டேன், அவர் போட்டதும் மார்ச் 31-தானே?

இங்கேதான் நமக்கும் கம்ப்யூட்டருக்கும் ஜாதகம் ஒத்துப்போகாது. நமக்கு மார்ச் 31 என்பது ஒரு முழு நாள். காலை காபியிலிருந்து ராத்திரி சீரியல் வரை. கம்ப்யூட்டருக்கு, மணி எதுவும் சொல்லாமல் மார்ச் 31 என்றால், அது ஒரு கணம்: அன்றைய நள்ளிரவு 12 மணி, பூஜ்யம் நிமிடம்.

எக்ஸெல்லைப் பார்த்தால் சுலபமாகப் புரியும். எக்ஸெல்லுக்கு தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. அதிலிருந்து நாளுக்கு ஒன்றாக ஏறும். 1947 ஆகஸ்ட் 15, 17394. (இடையில் 1900 பிப்ரவரி 29 என்று உலகத்தில் இல்லாத ஒரு நாளையும் 60-வது நாளாக எண்ணிக்கொள்கிறது. லோட்டஸ் 1-2-3 செய்த தப்பு. அதோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெல்லும் தெரிந்தே அதே தப்பைச் செய்தது. மாமியார் செய்த வத்தக்குழம்பு ருசியை மருமகளும் காப்பாற்றுகிற மாதிரி.) மணி என்பது புள்ளிக்குப் பின்னால் வருகிற பின்னம். மாலை ஆறு மணி என்றால் .75.

ஆக, 2023 மார்ச் 31 என்பது 45016. பெரியவரின் கிளெய்ம் 45016.75. '45016-க்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பவர்கள் வரலாம்' என்று நான் வாசலில் போர்டு மாட்டியிருந்தேன். அவர் முக்கால் நாள் லேட்.

ஏப்ரல் லிஸ்ட் ஏப்ரல் 1 நள்ளிரவில் ஆரம்பிக்கிறது. அதிலும் அவருக்கு இடமில்லை. திரிசங்கு!

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: 'மார்ச் 31 வரை' என்று கேட்காமல் 'ஏப்ரல் 1-க்கு முன்னால்' என்று கேட்பது. ஒரே ஒரு அடையாளத்தை மாற்றுகிற வேலை.

என்னை உறுத்தியது ஃபார்முலா இல்லை. 'இல்லை' என்பது ஒன்று, 'முழுக்கப் பார்க்கவில்லை' என்பது வேறு. நோட்டில் தேடுகிற மனிதன் பாதியில் அலுத்துப்போனால், "பாத்தவரைக்கும் இல்லே சார்" என்பான். அந்த 'பாத்தவரைக்கும்' திரையில் வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே வெள்ளைத் திரைதான். அந்த வெள்ளைத் திரையை நம்பி நான் ஒரு பெரியவரை நாலு பேர் நடுவில் பொய்யராக்கினேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனா உச்சத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, லேப் முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் ஃபைலில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வகை 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மிச்சம் விழுந்துவிடும். செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2-க்குள் 15,841 பாஸிட்டிவ் கேஸ்கள் இப்படிக் கணக்கில் வராமல் போயின. நோயாளிகளுக்கு முடிவு போய்விட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போய் எச்சரிக்க வேண்டியவர்களுக்குத்தான் லிஸ்ட் போகவில்லை. அங்கேயும் எந்த மணியும் அடிக்கவில்லை.

ஃபார்முலாக்களைத் திருத்தினேன். டைப் செய்வதை எண்ணாக்கி, சமமா என்று மட்டும் கேட்கிறேன். 61-க்கு எல்லாம் வர வேண்டும் என்கிற ஆசையை விட்டாயிற்று. வாட்ச்மேன் விவகாரம் ஒன்றும் அப்போதுதான் அகப்பட்டது. மே 1-ம் தேதி விடியற்காலை 4 மணிக்கு அவர் போட்ட கிளெய்ம், தானாகப் போகும் மெயிலில் ஏப்ரல் 30 என்று போயிருந்தது. ஷேர்பாயின்ட் நேரத்தை யூடிசி கணக்கில்தான் வைத்துக்கொள்கிறது, நமக்கு ஐந்தரை மணி பின்னால். ஆப்பில் நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும். மெயில் அனுப்புகிற பவர் ஆட்டோமேட்டுக்கு மாற்றச் சொல்லித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. நைட் டியூட்டிக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் இந்தக் கிரகசாரம்.

மானேஜரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், ஹெட் ஆபீஸுக்குத் தானே போன் போட்டு ஸ்பெஷல் சாங்ஷன் வாங்கினார். ரிடையர் ஆவதற்கு இரண்டு நாள் முன்னால் பெரியவர் கணக்கில் 18,400 ரூபாய் ஏறியது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். எனக்கு அதை வாங்கவே கை கூசியது.

"ஏன் தம்பி, நான் ஒருத்தன்தானா? இல்லே இன்னும் யாராவது உள்ளே இருக்காங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு மாதமும் கடைசித் தேதி என்று ஒன்று உண்டே! அன்று சாயங்காலம் பன்னிரண்டு மாதத்தின் கடைசி நாட்களையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். 27 கிளெய்ம்கள் உட்கார்ந்திருந்தன. சிலர் என்னிடம் அப்போதே வந்து கேட்டிருக்கிறார்கள், "மறுபடி போடுங்க சார்" என்று அனுப்பியிருக்கிறேன், போட்டு வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டரே இல்லை என்றால் இல்லைதான் என்று விட்டிருக்கிறார்கள்.

லிஸ்ட்டை மானேஜரிடம் கொண்டுபோனேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"2022 நவம்பர் 30, ஸ்ரீபெரும்புதூர் போய்வந்த டாக்ஸி, 640 ரூபா. இது உன் பேரு இல்லே?"

என் பேர்தான். அந்த 640-ஐ மானேஜர்தான் வெட்டிவிட்டார் என்று ஆறு மாதமாக கேன்டீனில் அவரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.

"நீயாவது கேட்டிருக்கலாமேப்பா?"

"மறந்துட்டேன் சார்" என்றேன்.