'ஆயுட்கால எண்ணெய்': யாருடைய ஆயுளுக்கு?

அமீர்பேட்டின் மென்பொருள் பயிற்சி நிலையங்களைப் பற்றிப் பேசும்போது கல்வியாளர்களின் குரலில் சற்றே ஏளனம் கலந்துவிடுவதுண்டு. மைத்ரிவனத்தையும் ஆதித்யா என்கிளேவையும் சுற்றியுள்ள மாடிகளில் அறிவு கூறுகட்டி விற்கப்படுகிறது என்பது அவர்களது குறை. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அந்த மாடிகள் செய்த ஒரு காரியத்தை மறுக்க இயலாது. பெரும் நிறுவனங்களின் உள்வட்டத்திற்குள் மட்டும் புழங்கிய தொழில்நுட்ப அறிவு, நகலெடுத்த குறிப்புகளாகவும் குறைந்த கட்டண வகுப்புகளாகவும் சிற்றூர்ப் பட்டதாரிகளின் கைக்கு வந்தது அங்கேதான். அவ்வழியே வேலை பெற்ற ஒருவர் சில ஆண்டுகள் கழித்துக் குடும்பத்திற்கென்று பழைய கார் ஒன்றை வாங்கும்போது, அதே அளவு எளிய ஓர் அறிவு அவருக்கு மறுக்கப்படுவதைக் காண்கிறார். அந்தக் காரின் தானியங்கி கியர்பாக்ஸில் உள்ள எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்பதே அது.

கேள்வி சிறியது, அதற்குக் கிடைக்கும் விடைகளோ ஒன்றோடொன்று மோதுகின்றன. 'ஆயுட்காலத்திற்கும் போதுமானது, தொட வேண்டாம்' என்பது ஒன்று. 'இத்தனை கிலோமீட்டருக்குப் பின் மாற்றினால் பெட்டியே போய்விடும்' என்பது இரண்டாவது. 'உடனே மாற்றுங்கள்' என்பது மூன்றாவது. மூன்றுமே உறுதியான குரலில் சொல்லப்படுகின்றன. மாற்றுவதற்கு ஆவது பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய். பெட்டி பழுதானால் காரின் மறுவிற்பனை மதிப்பில் பெரும்பங்கு கரைந்துவிடும். மாதத் தவணை கட்டும் குடும்பத்திற்கு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது.

முதலில் இந்த எண்ணெய் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் எண்ணெயைப் போல இது உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் விசையைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது இது. அழுத்தமாக மாறி கிளட்ச்சுகளை இறுக்குவதும் இது. வெப்பத்தைச் சுமந்து குளிர்விப்பானுக்குக் கொண்டுசெல்வதும் இதுவே. வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவும் வேண்டிய முரண்பட்ட கடமை இதற்கு உண்டு. அந்தச் சமநிலையைத் தருபவை எண்ணெயில் கலந்துள்ள வேதிச் சேர்மானங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் தொடக்ககால டெக்ஸ்ரான் எண்ணெயில் இப்பணிக்குத் திமிங்கிலக் கொழுப்பு பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடைசெய்தபின் மாற்றுக் கலவைகள் தேட வேண்டியதாயிற்று. சேர்மானம் மாறினால் கியர்பாக்ஸின் நடத்தையே மாறும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. சேர்மானங்கள் வெப்பத்தால் சிதையும். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும். கிளட்ச்சின் தேய்துகள்கள் அதில் சேரும். இவற்றிலிருந்து தப்பும் எண்ணெய் எதுவும் இல்லை.

அப்படியானால் 'ஆயுட்காலம்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? வரையறை இல்லாத சொல்லை ஆய்வேட்டில் எந்த நெறியாளரும் அனுமதிக்க மாட்டார். எண்ணெயின் ஆயுளா, பெட்டியின் ஆயுளா, உத்தரவாதக் காலமா, முதல் உரிமையாளர் காரை வைத்திருக்கும் காலமா? பெட்டியின் ஆயுள் என்றால், எண்ணெய் கெட்டு என்றைக்குப் பெட்டி நிற்கிறதோ அன்றுவரை அந்த எண்ணெய் 'ஆயுள் முழுவதும்' உழைத்தது என்று கொள்ளலாம். எந்த நிகழ்வாலும் பொய்யாக்க முடியாத கூற்று அது; ஆகவே எதையும் சொல்லாத கூற்றும்கூட.

பல கார் நிறுவனங்களுக்குத் தானியங்கி கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், ஓட்டும் சூழலைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது. அந்நிறுவனத்தின் பெட்டிகளைப் பொருத்தும் கார்களிலேயே 'ஆயுட்கால' வாசகமும் காணப்படுவது கவனிக்கத்தக்கது. பெட்டியைச் செய்தவர் ஒன்று சொல்ல, அதைப் பொருத்தி விற்பவர் வேறொன்று சொல்கிறார். பராமரிப்புச் செலவு குறைவு என்பது புதுக் கார் விற்பனைக்கு உதவும் வாக்குறுதி. அதன் விலையைக் கொடுப்பவரோ அடுத்து வாங்குபவர்.

உரிமையாளர் கையேடுகளின் பிற்பகுதியில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு தனி அட்டவணை இருப்பதுண்டு. அடிக்கடி நின்று நகரும் போக்குவரத்து, மிகுந்த வெப்பம், புழுதி, குறுந்தொலைவு ஓட்டம் ஆகியவை அதன் வழக்கமான இலக்கணம். மாலை வேளையில் பஞ்சாகுட்டாவிலிருந்து அமீர்பேட் வழியாக எஸ்.ஆர். நகர் வரை ஊர்ந்து செல்லும் கார், ஏப்ரல், மே மாதங்களின் 40 பாகை வெயிலில், இவற்றில் எதிலிருந்து விலக்குப் பெறும்? ஐதராபாத்தில் விதிவிலக்கு என்று அச்சிடப்பட்டதே அன்றாட நிலை. ஆகவே இந்நகரத்துக் கார் பெரும்பாலும் இரண்டாவது அட்டவணைக்கே உரியது.

'மாற்றினால் கெட்டுவிடும்' என்ற நம்பிக்கையை மாணவர்கள் தனியே ஆராயலாம். தேர்வுச் சார்புக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நன்றாக ஓடும் பெட்டியின் எண்ணெயை யாரும் நினைப்பதில்லை. கியர் விழும்போது உதறல், வழுக்கல், தாமதம் ஆகியவை தொடங்கிய பின்னரே மெக்கானிக்கிடம் செல்கின்றனர். எண்ணெய் மாற்றப்படுகிறது, சில வாரங்களில் பெட்டி நிற்கிறது, பழி புது எண்ணெய் மீது விழுகிறது. மருத்துவமனைக்குச் சென்றவர்களில் இறந்தோர் மிகுதி என்பதால் மருத்துவமனையே கொல்கிறது என்று முடிவு செய்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பழைய எண்ணெயில் மிதக்கும் துகள்களே தேய்ந்த கிளட்ச்சுக்குப் பிடிப்பைத் தந்தன என்றும், புது எண்ணெய் அதைப் போக்கிவிட்டது என்றும் ஒரு விளக்கம் கூறப்படுகிறது. அது சரியென்றே கொண்டாலும், அதிலிருந்து பெறத்தக்க பாடம் 'மாற்றாதே' என்பதன்று. 'தேய்வதற்கு முன்பே மாற்று' என்பதே.

இதனால் எண்ணெய் மாற்றம் சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. கருகிய வாடையும் உலோகச் சில்லுகளும் உள்ள எண்ணெய் வெளிவந்தால் முதலில் வேண்டியது நோயறிதல். மேலும் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரின்கீழ் நான்கு வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. டார்க் கன்வெர்ட்டர் கொண்ட மரபான பெட்டி ஒன்று. எஃகுப் பட்டையும் கப்பியும் கொண்ட சி.வி.டி. இன்னொன்று, மரபான பெட்டிக்குரிய எண்ணெயை இதில் ஊற்றினால் அதுவே பெட்டியை அழிக்கும். இரட்டைக் கிளட்ச் வகையில் உலர்ந்ததும் நனைந்ததும் தனித்தனி. 2014இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவிய ஏ.எம்.டி., அடிப்படையில் கைக்கியர் பெட்டியே. அதன் தேவைகள் வேறு. பழைய கார் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் வினா 'ஆட்டோமேட்டிக்கா?' என்பதன்று, 'எந்த வகை?' என்பதே.

செய்முறையும் மந்திரம் அன்று. கையேடு குறிப்பிடும் தரக்குறியீடு உள்ள எண்ணெயே வேண்டும்; 'எல்லாவற்றுக்கும் பொது' என்ற புட்டி வேண்டாம். வடித்துவிட்டு நிரப்பும் முறையில் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் பழைய எண்ணெய் வெளியேறாது. எனவே இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை செய்வது பொருந்தும். வடிந்த அளவை அளந்து அதே அளவு நிரப்ப வேண்டும். பல பெட்டிகளில் அளவுக்கம்பி கிடையாது. சமதளத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். வடிகட்டியும் அடித்தட்டிலுள்ள காந்தமும் பார்வைக்கு வர வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிடலாம்.

அந்த ஒரு பக்கம் ஏன் கிடைப்பதில்லை? 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் பழுதுநீக்கக் கையேடுகளும் தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுக்கப்பட்டன என்பது ஆணையத்தின் முடிவு. வழக்கு பின்னர் மேல்முறையீடுகளுக்குள் சென்றது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் மோட்டார் வாகனமும் இருந்தது. அதன்பின் இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. தொடர்பு எண்களையும் உத்தரவாத விவரங்களையும் தொகுப்பது நற்செயலே. ஆனால் எந்தப் பெட்டிக்கு எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த வெப்பநிலையில் என்ற விவரம் சட்டப்படி வெளியிடப்பட வேண்டியது ஆகாதவரை உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

பயிற்சியற்ற கைகளில் சிக்கலான இயந்திரம் கெடும் என்பது நிறுவனங்களின் மறுப்பு. தவறான எண்ணெயால் பெட்டி கெட்ட நிகழ்வுகள் உண்மையே. எனினும் அத்தவறுகள் பெரும்பாலும் தகவலின்மையால் விளைபவை. கையேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, கையேடு அறியாதவர் என்று மெக்கானிக்கைக் குறை சொல்வது நேர்மையாகாது. செகந்திராபாத்தின் ராணிகஞ்சில் உதிரிபாகம் தேடி அலையும் பட்டறைக்காரருக்குக் கைத்திறன் குறைவன்று, குறைவது தாள்தான்.

ஆகவே கோர வேண்டியவை மூன்று. 'ஆயுட்காலம்' என்று எழுதும் நிறுவனம் அதைக் கிலோமீட்டரிலும் ஆண்டிலும் வரையறுக்க வேண்டும். பழைய கார் கைமாறும்போது உரிமச் சான்றோடு பராமரிப்புப் பதிவும் கைமாற வேண்டும். எண்ணெயின் தரக்குறியீடும் அளவும் மட்டம் பார்க்கும் முறையும் கட்டணமின்றி, இந்திய மொழிகளில் கிடைக்க வேண்டும். மூன்றாவதற்குத் தமிழிலும் தெலுங்கிலும் ஆய்வு செய்வோர் சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கலைச்சொல் தொகுப்பவரும் இயந்திரவியல் மாணவரும் ஒரு பட்டறையில் அமர்ந்தால் ஒரு பருவத்திற்குள் அது எழுதப்பட்டுவிடும். நகலெடுத்துத் தருவதற்கு அமீர்பேட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.