தொட்டியில் விட்ட மோலி ஏன் பெருக்கவில்லை?

கேள்வி: ''மகளிர் குழுக் கடனில் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் இரண்டு சிமென்ட் தொட்டிகள் கட்டினோம். ஒன்றில் 2 அடி தண்ணீர் நிறுத்தி, கருப்பு மோலிக் குஞ்சுகள் 2,000 விட்டோம். மற்றது காலியாக இருக்கிறது. மூன்று மாதமாகியும் பாதிக்கு மேல் ஒரு அங்குலத்தைத் தாண்டவில்லை. கொளத்தூர் வியாபாரி அளவு பத்தாது என்று திருப்பிவிட்டார். தீவனத்தைக் கூட்டியும் பலன் இல்லை. விலை கூடிய தீவனத்துக்கு மாறலாமா?''

- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: இப்போதைக்குத் தீவனத்துக்கு மேலும் செலவு செய்ய வேண்டாம். முதலில் இடத்தையும் தண்ணீரையும் சரிசெய்யுங்கள்.

இடம்: உங்கள் தொட்டியில் 100 கன அடி தண்ணீர், அதாவது சுமார் 2,800 லிட்டர் நிற்கிறது. ஒரு மீனுக்கு ஒன்றரை லிட்டர்கூட இல்லை. காலித் தொட்டியிலும் தண்ணீர் நிரப்பி, பாதி மீன்களை மாற்றுங்கள். இரண்டிலும் காற்றுக் குழாய் அவசியம்.

தண்ணீர்: மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. வெயிலும் தண்ணீரின் காரத்தன்மையும் கூடக்கூட அதன் நச்சும் கூடும். மீன் சாகாவிட்டாலும் தீனி குறைந்து வளர்ச்சி நின்றுவிடும். இந்த நிலையில் தீவனத்தைக் கூட்டினால் அம்மோனியாதான் கூடும். வாரம் இருமுறை, அடியில் உள்ள கசடோடு கால் பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்து வைத்திருந்து ஊற்றுங்கள். தொட்டியை மொத்தமாகக் காலிசெய்து தேய்த்துக் கழுவ வேண்டாம். அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சுவரில்தான் ஒட்டியிருக்கின்றன.

தரம் பிரித்தல்: பெரிய மீன் தீனியை முந்திக்கொள்ளும்; சிறியது பின்தங்கிக்கொண்டே போகும். 15 நாள்களுக்கு ஒருமுறை பெரியது, சிறியது எனப் பிரியுங்கள். தொட்டி போதாவிட்டால் நடுவில் வலை கட்டலாம்.

ஆண், பெண்: மோலி குட்டி போடும் இனம். ஆண் பருவத்துக்கு வந்த பின் அதிகம் வளராது. பெண்ணோ சினையானால் தின்பதில் பெரும்பங்கைக் குட்டிக்கே கொடுக்கும். வயிற்றுக்குக் கீழ், பின்பக்கத் துடுப்பு குச்சிபோல் இருந்தால் ஆண், விசிறிபோல் இருந்தால் பெண். வித்தியாசம் தெரியத் தொடங்கியதும் பிரித்துவிட வேண்டும். ஒருமுறை இணைந்த பெண், பிறகு ஆண் இல்லாமலே பல மாதங்கள் குட்டி போடும் என்பதால், இந்த முறை முழுப் பலன் கிடைக்காது. அடுத்த ஈட்டில் தவறாமல் செய்யுங்கள்.

தீவனம்: ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, தினமும் மூன்று வேளை போதும். குஞ்சுகளுக்கு 35 சதவிகிதம் புரதம் உள்ள தூள் தீவனம் நல்லது. மார்கழி, தை இரவுகளில் தொட்டிக்கு மேல் தார்ப்பாய் போடுங்கள். தண்ணீர் குளிர்ந்தால் மீன் தீனி எடுக்காது.

இவற்றைச் செய்து ஒன்றரை மாதம் பாருங்கள். தேறுகிறவை தேறிவிடும். அதன் பிறகும் ஒரு அங்குலத்தில் நிற்பவற்றுக்குத் தீவனம் போடுவது நஷ்டம். சில்லறை விலைக்குக் கொடுத்துவிடுங்கள். ஏரி, குளத்தில் மட்டும் விடாதீர்கள். அங்கே பெருகி நாட்டு மீன்களுக்குப் போட்டியாகிவிடும்.