ஐகன் மதிப்போடு கணக்கு முடிவதில்லை

நேரியல் அல்லாத வகைக்கெழுச் சமன்பாடுகள் என்றதும் பலர் ஒரே வாய்பாட்டை ஒப்பிக்கிறார்கள்: சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடி, அங்கே யாக்கோபி அணியை எழுது, ஐகன் மதிப்புகளைப் பார், முடிவைச் சொல். வகுப்பறையில் படிந்த இந்தப் பழக்கம் ஆய்வுக்கூடம்வரை கூடவே வருகிறது. நேரியலாக்கல் அருமையான கருவி. அதையே தீர்ப்பாகக் கொள்வதுதான் தவறு.

முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. அங்குள்ள மீன்சந்தைக் கணக்குகளை ஆராய்ந்த உயிரியலாளர் உம்பெர்ட்டோ டான்கோனா, அந்த ஆண்டுகளில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்ததைக் கண்டார். காரணம் கேட்டுக் கணிதவியலர் வீட்டோ வோல்ட்டெராவிடம் போனார். 1926இல் வோல்ட்டெரா தந்த விடையில் அடிப்படை இரண்டே சமன்பாடுகள்: இரைக்கு ஒன்று, வேட்டை மீனுக்கு ஒன்று.

இரண்டு இனமும் சேர்ந்து வாழும் சமநிலைப் புள்ளியில் இவற்றை நேரியலாக்கினால், ஐகன் மதிப்புகள் முழுக்கக் கற்பனை எண்களாக வருகின்றன. உடனே "மூடிய வளைவுகள்" என்று எழுதிவிடுகிறார்கள். விடை சரி, காரணம் தவறு. வளைவுகள் மூடுவதற்குக் காரணம், பாதை நெடுகிலும் மதிப்பு மாறாத ஒரு கோவை மூலச் சமன்பாடுகளுக்குள் இருப்பதே. மடக்கைகள் கலந்த அந்தக் கோவை யாக்கோபி அணியில் தென்படாது. டான்கோனாவின் கேள்விக்கு விடையும் மூலச் சமன்பாடுகளில்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் அந்தந்த மீனின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால், சுற்று எவ்வளவு பெரிதானாலும் சராசரி சமநிலை மதிப்புக்கே சமமாகிறது. மீன்பிடிப்பு குறைந்தால் அந்தச் சமநிலை மதிப்புகள் நகர்கின்றன: வேட்டை மீனின் சராசரி ஏறும். இரையின் சராசரி இறங்கும்.

கற்பனை ஐகன் மதிப்பை நம்பினால் என்ன ஆகும்? வட்டமாகச் சுழலும் ஒரு நேரியல் தொகுதியோடு, ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் வளரும் உறுப்பு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். அதன் கெழு எதிர்ம எண்ணானால் பாதைகள் உள்ளே சுருண்டு அடங்கும். நேர்ம எண்ணானால் வெளியே சுருண்டு ஓடும். இரண்டுக்கும் யாக்கோபி அணி ஒன்றே.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. எங்கே நேரியல் பகுதி போதும், எங்கே போதாது என்று லியாபுனோவ் 1892இலேயே பிரித்துக் காட்டிவிட்டார். 1960ஐ ஒட்டி குரோப்மன், ஹார்ட்மன் இருவரும் நிறுவிய தேற்றமும் நேரியல் பகுதி போதும் என்று சொல்ல, எந்த ஐகன் மதிப்பின் மெய்ப்பகுதியும் சுழியாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறது. தேற்றத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள்.

நிபந்தனை நிறைவேறினாலும், தேற்றம் பேசுவது புள்ளியின் அக்கம்பக்கத்தைப் பற்றி மட்டுமே. அந்த அக்கம்பக்கம் எவ்வளவு பெரியது என்று அது சொல்வதில்லை. ஓர் அளவின் மாற்ற வீதம், அவ்வளவின் எதிர்மத்தோடு அதன் மூன்றாம் அடுக்கின் ஆயிரம் மடங்கைக் கூட்டினால் வருவது என்று வைத்துக்கொள்வோம். சுழியில் ஐகன் மதிப்பு எதிர்மம் 1. நிலையானது என்று எல்லோரும் எழுதுவார்கள். 0.03இல் தொடங்கினால் அளவு சுழிக்குத் திரும்புகிறது. 0.04இல் தொடங்கினால் குறித்த நேரத்துக்குள் முடிவிலிக்கு வெடித்துப் போகிறது.

மறுபக்கமும் உண்டு. 1920களில் வான் டெர் போல் வெற்றிடக் குழாய்ச் சுற்றுகளுக்கு எழுதிய சமன்பாட்டை ஆதிப்புள்ளியில் நேரியலாக்கினால், எல்லாம் விலகி ஓடும் என்ற செய்தி மட்டுமே கிடைக்கும். உண்மையில் ஆதிப்புள்ளி தவிர எங்கே தொடங்கினாலும் தீர்வு ஒரே மூடிய சுற்றில் போய்ச் சேர்கிறது. தணிப்புக் கெழு சிறியதாக இருக்கும்போது அந்தச் சுற்றின் வீச்சு ஏறக்குறைய 2. அந்த 2 வருவது, நேரியலாக்கும்போது சிறியது என்று தள்ளிவிட்ட உறுப்பிலிருந்துதான்.